துறைமுகத்தில் ஒரு திட்டு

சாரல் விழத் தொடங்கிவிட்டால் குத்தாலிங்கத்துக்கு வீட்டு நினைப்பு அற்றுப்போகும். ஆனி பிறந்ததும் காமிராவையும் முக்காலியையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு குற்றாலத்துக்குப் போனாரென்றால், ஆவணி வரைக்கும் வாரத்துக்கு ஒருநாள் எட்டிப் பார்ப்பதோடு சரி. பேரருவிக்குப் போகும் வழியில் ஓலைக் கொட்டகை போட்டு, அருவி எழுதிய படுதா ஒன்றைத் தொங்கவிட்டிருப்பார். நிஜ அருவி கூப்பிடு தூரத்தில் கொட்டிக்கொண்டிருக்க, சனங்கள் படுதா அருவிக்கு முன்னால் விறைத்து நின்று படம் பிடித்துக்கொண்டு போவார்கள். கேட்டால், நிஜ அருவிக்குப் பக்கத்தில் போனால் காமிரா நனையும் என்பார். அவர் சொல்வதும் நியாயம்தான்.

தென்காசியிலிருந்து குற்றாலம் மூன்று மைல். அந்த மூன்று மைலை அவர் பெண்டாட்டி கல்யாணசுந்தரி இந்தப் பதினாலு வருஷத்தில் நாலு தடவைகூடத் தாண்டியதில்லை. சீசனில் கேட்டால், "இந்தக் கூட்டத்துல நீ எதுக்கு?" என்பார். சீசன் முடிந்து கேட்டால், "தண்ணியே இல்ல, அங்கன என்ன இருக்கு பாக்க?" என்பார். இரண்டுக்கும் நடுவில் ஒரு நாள் இருக்கத்தான் வேண்டும். அது எந்த நாள் என்று அவளுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

அதற்காக அவள் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. ஸ்டூடியோவின் முன்னறைக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு பச்சைத் திரை. திரைக்குப் பின்னால் ஜன்னலோரம் டச்சிங் மேசை. சாய்வாக ஒரு கண்ணாடி, கீழே முகம் பார்க்கும் கண்ணாடித் துண்டு ஒன்று, அது ஜன்னல் வெளிச்சத்தை மேலே அனுப்பும். நெகட்டிவை அதன்மேல் வைத்து, ஊசிபோலச் சீவிய பென்சிலால் அம்மைத் தழும்பை அடைப்பாள், கண்ணுக்குக் கீழே விழுந்த பையைத் தூக்குவாள், கோணல் மீசையை நேராக்குவாள். ஒரே ஒரு பென்சிலால் தென்காசியையே பத்து வயசு குறைத்தவள் அவள். ஊருக்கு இது தெரியாது. பொம்பளை கை வைத்த படம் என்றால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்று, "டச்சிங் எல்லாம் மதுரையில ஒரு ஆளு" என்று கல்யாணமான வருஷமே குத்தாலிங்கம் சொல்லிவைத்துவிட்டார். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இந்தப் புளுகுக்குப் பதினாலு வயசு.

கடைத்தெருவில் போனால் அவளுக்கு எல்லா முகமும் தெரியும். இவனுக்கு இடது புருவத்தில் வெட்டுக்காயம், இவளுக்குத் தாடையில் மரு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே போவாள். அவளை ஒருவருக்கும் தெரியாது. ஒரு முகத்தோடு மூன்று நாள் மூக்கும் மூக்குமாக உட்கார்ந்திருந்துவிட்டு, நாலாம் நாள் அதே முகம் கத்தரிக்காய்க் கடையில் அவளை இடித்துத் தள்ளிக்கொண்டு போகும்போது வருத்தமாகத்தான் இருக்கும். வீட்டுக்கு வந்தால் பேச ஆள் இல்லை. பிள்ளையும் இல்லை. சில நாள் மத்தியானத்தில் நெகட்டிவில் இருக்கும் ஆளிடமே, "கொஞ்சம் பொறுங்க, முடிஞ்சிட்டு" என்று சொல்லுவாள்.

ஐம்பத்தேழாம் வருஷச் சீசனில் ஒரு திங்கட்கிழமை குத்தாலிங்கம் வந்தார். வேட்டியைப் பிழிந்து உதறிக்கொண்டே ஒரு பழைய அட்டைப் படத்தை மேசையில் வைத்தார்.

"ஏட்டி, இது குத்தாலத்துப் பங்களா பட்லர் ரத்தினம் கொடுத்தது. சாரல்ல பூஞ்சை பிடிச்சுக் கெடக்கு. தொடச்சு, திட்டு எல்லாம் எடுத்து வை. வெள்ளிக்கிழம வந்து காப்பி எடுத்துருதேன்."

"எந்த ஊரு படம்?"

"எவனுக்குத் தெரியும்? வெள்ளக்காரன் சண்டையில எடுத்ததாம். நூறு வருசமாச்சாம்." சாப்பிட்டுக் கைகழுவிய ஈரம் காய்வதற்குள் கிளம்பிவிட்டார்.

அவள் படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாள். சண்டை என்றதும் பீரங்கியும் பிணமுமாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். அப்படி ஒன்றுமில்லை. இரண்டு பக்கமும் மொட்டை மலை. நடுவில் குறுகலான கடல். அதில் நிற்க இடமில்லாமல் பாய்மரக் கப்பல்கள். இலை உதிர்ந்த தேக்கங்காடு மாதிரி எங்கே பார்த்தாலும் மரங்கள், கயிறுகள். கரையில் பலகை அடித்த துறை. பீப்பாய்கள், மூட்டைகள், குவித்து வைத்த பீரங்கிக் குண்டுகள். கீழே ஏதோ இங்கிலீஷ் எழுத்து. இத்தனையும் இருந்து, ஒரு மனுஷன் இல்லை. இவ்வளவு சாமானையும் யார் இறக்கினார்கள், எங்கே போனார்கள்? சொந்த வீட்டில் மத்தியானம் இரண்டு மணிக்கு இருக்கிற அந்தச் சத்தமின்மை படத்துக்குள்ளும் இருந்தது. அவளுக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

வேலை என்று வந்துவிட்டால் பிடித்ததாவது பிடிக்காததாவது. இரண்டு நாள் உட்கார்ந்தாள். பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டு வானத்திலிருந்த பூஞ்சைப் புள்ளிகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். எல்லாம் வந்தது. பலகைத் துறையின் ஓரத்தில், பீப்பாய்க்குப் பக்கத்தில் புளியங்கொட்டை அளவில் ஒரு சாம்பல் திட்டு மட்டும் வரவில்லை. கீழே கொஞ்சம் அழுத்தமாக, மேலே போகப் போகப் புகை மாதிரி கலைந்திருந்தது. பஞ்சுக்கு வராதது கத்திக்கு வரும். சவரக் கத்தி முனையால் மெதுவாகச் சுரண்டி எடுத்துவிட்டு, மையைக் குழைத்து, மூன்று மயிர் உள்ள தூரிகையால் பலகைக் கோடுகளை விட்ட இடத்திலிருந்து இழுத்துச் சேர்த்தாள். அங்கே ஒரு திட்டு இருந்ததா என்று படம் எடுத்தவனுக்கே சந்தேகம் வரும். அவளுக்குப் பெருமையாக இருந்தது. பாராட்ட ஆள் இல்லாததால் தானே ஒரு தரம் தலையை ஆட்டிக்கொண்டாள்.

அன்று மத்தியானமே முன்னறையில் குடை மடக்கும் சத்தம் கேட்டது.

"கடையில ஆளு இருக்கா?"

"அவுக குத்தாலத்துல இருக்காக, அண்ணாச்சி. வெள்ளிக்கிழமதான் வருவாக." திரைக்குப் பின்னாலிருந்து சொன்னாள். திரையின் விளிம்பு வழியாகப் பார்த்தாள். அறுபத்தைந்து வயசுக்கு மேலிருக்கும். நெடுநெடுவென்ற உருவம், பழைய வெள்ளைக் கோட்டு, நனைந்த கால். டச்சிங் மேசைக்கு இதுவரை வராத முகம்.

"நான் ரத்தினம், தாயி. பங்களா பட்லர். கொட்டகைக்குப் போனேன், கூட்டத்துல உங்க வீட்டுக்காரருட்ட ஒரு வார்த்த பேச முடியல. எம் படத்த ஒரு தடவ பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

படம் அவள் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது. மை இன்னும் காயவில்லை. "அது டச்சிங்குக்கு மதுரைக்குப் போயிருக்கு" என்றாள். புருஷனின் புளுகை அவள் தன் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை.

"சரி, போகட்டும்." பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். படம் இல்லையென்றதும் எழுந்து போகிற ஆளாகத் தெரியவில்லை. மழைக்கு ஒதுங்கினவருக்குப் பேச்சுக்கும் ஒதுங்க இடம் வேண்டியிருந்தது. "பங்களாவ வித்துட்டாங்க தாயி. நாப்பது வருசம் இருந்தாச்சு. சனிக்கிழம நான் வாசுதேவநல்லூர் போறேன். அக்கா மக வீடு. பின்னால ஒரு ரூம்பு ஒழிச்சுத் தாரோம்னு சொல்லியிருக்கா. கட்டினவ போய்ச் சேந்துட்டா, பிள்ளக் கொடுப்பினை இல்ல. அக்கா மக புருசன் கேட்டான், 'மாமா, உமக்குன்னு கூட வர யாரும் இருக்காங்களா?'ன்னு. 'ஒருத்தர் இருக்காரு, கூட்டிட்டு வாரேன்'னு சொன்னேன்."

"யாரு அண்ணாச்சி?"

"அதான் சொல்லுதேன். அந்தப் படத்துல துறையோரத்துல, பீப்பாய்க்குப் பக்கத்துல ஒரு திட்டு இருக்கும். பாத்தா அழுக்கு மாதிரிதான் இருக்கும். அது எங்க தாத்தா."

கல்யாணசுந்தரி முழங்கைக்குப் பக்கத்தில் பார்த்தாள்; துறையோரத்தில் அவள் இழுத்த பலகைக் கோடுகள் காய்ந்துகொண்டிருந்தன.

அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனார். தாத்தா பாக்கியநாதன் ஒரு துரைக்குச் சமையல்காரர். அந்தத் துரை ரஷ்யாக்காரனோடு சண்டைக்குக் கப்பலேறியபோது, இவர் வைக்கிற மிளகுத் தண்ணி இல்லாமல் சண்டை போட முடியாது என்று இவரையும் கூட்டிக்கொண்டு போனார். ஊர் பேர் பாலக்லாவா. பனி விழுகிற ஊர். அங்கே படம் பிடிக்கிற ஒரு வெள்ளைக்காரன் வண்டியோடு வந்து துறைமுகத்தைப் படம் எடுத்தான். பீப்பாய் எவ்வளவு உயரம் என்று தெரியட்டும், நீ பக்கத்தில் நில், இருபது எண்ணுகிற வரைக்கும் அசையாதே என்று துரை பாக்கியநாதனிடம் சொன்னார்.

"பன்னெண்டு எண்ணுத வரைக்கும் மரமா நின்னாராம் தாயி. அப்போ பாத்து அடுப்புல துரையோட கஞ்சி அடிப்பிடிக்குத வாசம் வந்துட்டு. திரும்பிட்டாரு." ரத்தினம் தனக்குத்தானே சிரித்தார். "அன்னிக்கு அந்தத் துறையில ஆயிரம் பேரு நடமாடிக்கிட்டு இருந்தாங்களாம். சிப்பாயி, கூலி, கழுத, குதிர. அந்தக் காலத்துக் காமிராவுக்கு நடக்குதவன் கண்ணுல படமாட்டான். அம்புட்டு பேரும் இருந்தாங்க, ஒருத்தனும் படத்துல விழல. கட்டிவச்ச கப்பல்தான் விழுந்துச்சு. எங்க தாத்தா பாதி நின்னாரு, பாதி விழுந்தாரு."

அவளுக்கு ஆடினால் படம் கெட்டுப்போகும் என்று தெரியும். ஆடியவன் படத்தில் இல்லாமலே போவான் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. அவள் இந்தத் தொழிலுக்கு வந்தபோது காமிராக்கள் கண் சிமிட்டும் நேரத்தில் வேலையை முடிக்கத் தொடங்கியிருந்தன. கலைந்தது எதுவானாலும் குற்றம், குற்றத்தை எடுப்பதுதான் தொழில். அந்தத் தொழிலைத்தான் அவள் ஒழுங்காகச் செய்திருந்தாள்.

"திரும்பி வந்து ரெண்டே வருசத்துல காலராவுல போயிட்டாரு. கல்லறையையும் மலைத்தண்ணி கொண்டு போயிட்டு. துரை கொடுத்த படம்தான் மிச்சம். சாயங்காலம் விளக்கு வச்சதும் அந்தப் படத்துக்கு முன்னால நின்னு ரெண்டு வார்த்த பேசிட்டுத்தான் படுப்பேன். வேற யாருட்ட பேச?" எழுந்து குடையை எடுத்தார். "மதுரைக்காரருக்கு ஒரு காயிதம் போட்டுருங்க தாயி, அந்தத் திட்ட மட்டும் தொட வேண்டாம்னு. உங்க வீட்டுக்காரருட்டயும் படிச்சுப் படிச்சுச் சொல்லித்தான் கொடுத்தேன்."

குத்தாலிங்கத்திடம் படித்துப் படித்துச் சொல்வதும் செவிடன் காதில் சங்கு ஊதுவதும் ஒன்றுதான். ஆனால் இப்போது அவரைத் திட்டி என்ன பிரயோசனம்? சுரண்டியது அவள் கை.

அன்று அவள் சோறு பொங்கவில்லை. ஓடிப்போய் அந்த மனுஷனை நிறுத்தி உண்மையைச் சொல்லிவிடலாமா என்று வாசல்வரை போனாள். என்ன சொல்வது? உங்களுக்கென்று இருந்த ஒரே ஆளை நான்தான் கத்தியால் சுரண்டித் துடைத்துவிட்டேன் என்றா? தெருவில் சாரல் விழுந்துகொண்டிருந்தது. குடை அதற்குள் தேரடி திரும்பிவிட்டது.

வியாழக்கிழமை வெளிச்சம் வந்ததும் மேசையில் உட்கார்ந்தாள். எடுத்ததைத் திருப்பி வைக்க வேண்டியதுதான். முகத்தைத் திருத்தத் தெரிந்தவளுக்கு ஒரு திட்டு வரைவது பெரிய காரியமா? பெரிய காரியமாகத்தான் இருந்தது. தனித்தாளில் வரைந்து பார்த்தாள். முதல் தடவை தலைப்பாகை கட்டிய ஆள் வந்தான். அடுத்த தடவை எண்ணெய்க் கறை வந்தது. மூன்றாவது தடவை, பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை. இத்தனை வருஷம் கலைந்ததைச் சேர்த்துச் சேர்த்து அவள் கைக்குக் கலைக்கத் தெரியாமல் போயிருந்தது. அந்தத் திட்டு எப்படி இருந்தது என்று யோசித்தால், அது ஒரு குற்றம் என்று பார்த்தது மட்டும்தான் ஞாபகத்தில் இருந்தது.

ஆடிப்போன ஆள் எப்படி இருப்பான் என்று பார்க்க, மூலையிலிருந்த கெட்டுப்போன கண்ணாடி நெகட்டிவ் பிளேட்டுகளின் பெட்டியை இழுத்தாள். அழுத குழந்தை, கொட்டாவி விட்ட மாப்பிள்ளை என்று எல்லாம் பக்கத்தில் வைத்து எடுத்த முகங்கள். நின்ற ஆள் ஒன்று வேண்டும். அடியில், பழைய பேப்பரில் சுற்றி ஒரு பிளேட்டு இருந்தது. அது அங்கே இருப்பது அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் எடுக்காமல் இருந்தாள்.

கல்யாணமான முதல் மாசம். அதுவும் சண்டைக் காலம்தான், பிளேட்டுக்குத் தட்டுப்பாடு. கூறைப்புடவையோடு அவளை நிற்கவைத்து, அசையாதே என்று சொல்லிவிட்டுக் கறுப்புத் துணிக்குள் போனார் குத்தாலிங்கம். துணிக்குள்ளிருந்து அவர் தும்மினார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, திரும்பிவிட்டாள். "ஒரு பிளேட்டு தண்டம்" என்று அவர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார். பிளேட்டு நிறையக் கிடைக்கிற காலமும் வந்தது. இன்னொரு தடவை நிற்கச் சொல்லும் நினைப்பு அவருக்கு வரவில்லை, கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. ஊரையே படம் பிடித்தவர் வீட்டில் அவளுக்கென்று இருந்தது இந்த ஒரு கண்ணாடிதான்.

ஜன்னலில் பிடித்தாள். பாதம் நின்ற இடத்தில் அழுத்தம். இடுப்புக்கு மேலே இளகி, தலை திரும்பிய இடத்தில் வெறும் புகை. அவள் தோளுக்குள்ளே பின்னாலிருந்த நாற்காலிச் சட்டம் தெரிந்தது. அப்படியா என்று நினைத்தாள். அசைந்தவருக்குள்ளே பின்னால் இருப்பது தெரியும். அவள் பிசகியது அங்கேதான். பலகைக் கோடுகள் அவருக்குள்ளே ஓடவேண்டும்.

நெகட்டிவில் கறுப்பும் வெள்ளையும் தலைகீழ். அதைப் புரட்டிப் படிப்பது அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. பிளேட்டைப் பார்த்துப் பார்த்து, தன்னையே புளியங்கொட்டை அளவுக்குச் சுருக்கி, பீப்பாய்க்குப் பக்கத்தில் இறக்கினாள். மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது. படத்தைத் தள்ளிவைத்துப் பார்த்தாள். மொட்டை மலைக்கும் கப்பல் காட்டுக்கும் நடுவே யாரோ ஒருவர் நின்றுகொண்டிருந்தார், திரும்பப் போகிறவர்போல. அவளுக்கு அழுகை வந்தது. தடுக்க யாரும் இல்லாததால் நிதானமாக அழுது முடித்தாள்.

வெள்ளிக்கிழமை குத்தாலிங்கம் வந்து காப்பி எடுத்தார். இருட்டறையில் கழுவிக் காயப்போட்டுவிட்டு வெளியே வந்தவருக்கு அப்போதுதான் பொறி தட்டியது. "ஏட்டி, பட்லரு ஏதோ ஒரு திட்டத் தொடாதீங்கன்னாரு. சொல்ல மறந்துட்டேன். எடுத்துட்டியோ?"

"இருக்கு" என்றாள்.

"நல்லவேள" என்று சொல்லிவிட்டு, சனிக்கிழமைக் கூட்டத்துக்கு விடியுமுன்னே குற்றாலம் போய்விட்டார்.

சனிக்கிழமை காலை ரத்தினம் வந்தார். தகரப் பெட்டி ஒன்று, கித்தான் பை ஒன்று. நாற்பது வருஷம் அவ்வளவில் அடங்கிவிட்டது. திரை இடுக்கு வழியாகப் படத்தையும் காப்பியையும் நீட்டினாள். காப்பியைப் பையில் சொருகிக்கொண்டு, அசல் படத்தை வாசல் வெளிச்சத்துக்கு எடுத்துப் போனார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

பார்த்துக்கொண்டே இருந்தார். அவள் திரையோரம் ஸ்டூலில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அவர் படத்தைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார், மறுபடி கிட்டே கொண்டுபோனார். கட்டைவிரல் பீப்பாய்க்குப் பக்கத்தில் போய் நின்றது. சொல்லிவிடலாம், இப்போதே சொல்லிவிட வேண்டும் என்று அவள் வாயைத் திறந்தாள்.

"தாயி" என்றார் அவர்.

"சொல்லுங்க அண்ணாச்சி."

"நான் நெனச்சிருந்ததவிடத் தாத்தா சின்ன உருவமா இருக்காரே. பூஞ்சையும் சேந்து இத்தன நாளும் பெருசாக் காட்டியிருக்கும் போலுக்கு." மறுபடி பார்த்தார். "திரும்பினாருன்னுதான் எங்கப்பா சொல்லுவாரு. சிரிச்சிக்கிட்டே திரும்பியிருக்காரு, இப்பத்தான் தெரியுது. மதுரைக்காரருக்கு நல்ல கை. நான் சொன்னேன்னு சொல்லுங்க."

பதினாலு வருஷத்தில் அவள் கைக்குக் கிடைத்த முதல் பாராட்டு மதுரைக்குப் போனது. திறந்த வாயை மூடிக்கொண்டாள். துறையில் நிற்பது பாக்கியநாதன் இல்லை என்பது தெரிந்தவள் உலகத்திலேயே அவள் ஒருத்திதான். அதை யாரிடமும் இறக்கி வைக்க முடியாது.

ரத்தினம் படத்தைப் புதுத்துண்டில் வைத்தார். மூடுவதற்கு முன்னால் குனிந்து, வீட்டு மனுஷரிடம் பேசுகிற சாதாரணக் குரலில் சொன்னார்:

"வாசுதேவநல்லூர் பஸ்ஸு வந்துரும். வாங்க, போவோம்."

திரைக்குப் பின்னால் கல்யாணசுந்தரி சட்டென்று எழுந்து நின்றுவிட்டாள்.